ஐஸ்பெட்டிப் படகும் முதல் பக்கப் படமும்

கெட்டுப்போன ஐஸ்பெட்டி ஒன்று, ஆளுயர ஃபிரிட்ஜ், மலேசியாவில் எங்கள் கிள்ளான் வீட்டின் பின்புறம் மல்லாந்து கிடந்தது. பழைய இரும்பு வாங்கும் லோரி வரும்போதெல்லாம் அம்மா அதைக் கொடுத்துத் தொலைக்கச் சொல்வார். துறைமுகத்தில் லோரி ஓட்டிய அப்பாவோ, இருக்கட்டும், எதற்காவது ஆகும் என்பார். ஆகிவிட்டது. எனக்கு எட்டு வயதில் ஒரு மழை பெய்தது பாருங்கள், காலையில் கண் விழித்தால் கட்டிலைச் சுற்றிச் செருப்புகள் மிதக்கின்றன!

பயமா? எனக்கா? பள்ளிக்கூடம் இல்லை, டியூஷன் இல்லை, தெருவெல்லாம் ஆறு. வேறென்ன வேண்டும்? மீட்புப் படகில் அம்மாவுக்கும் கைக்குழந்தைத் தம்பிக்கும்தான் இடமிருந்தது. அப்பா ஐஸ்பெட்டியின் கதவைப் பிடுங்கி எறிந்தார், என்னை உள்ளே உட்கார வைத்தார், மார்பளவு தண்ணீரில் தள்ளிக்கொண்டே நடந்தார். மிதந்து வந்த மெத்தை ஒன்றை நாங்கள் முந்தினோம். அடேயப்பா, அந்தச் சந்தோஷம்!

"வேகமா தள்ளுங்கப்பா, இன்னும் வேகமா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அப்பா மூச்சு வாங்கியபடியே சிரித்தார். மேட்டுச் சாலையில் நின்ற ஒருவர் கேமராவைத் தூக்கினார்.

மறுநாள், நாங்கள் தங்கியிருந்த பள்ளி மண்டபத்துக்குப் பத்திரிகை வந்தது. முதல் பக்கத்தில் நான்! பிளந்த வாயும் விரிந்த கண்ணுமாக நான் மட்டும், சுற்றிலும் தண்ணீர். அப்பாவைக் காணோம். 'காப்பாற்ற ஆளின்றிக் கதறிய சிறுமி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் எங்கே கதறினேன்? போகட்டும், முதல் பக்கமாயிற்றே. மண்டபம் முழுக்க ஓடி ஓடிக் காட்டினேன்.

செராஸில் இருக்கும் பெரியம்மா அம்மாவைப் போனில் கூப்பிட்டு, பிள்ளையைத் தண்ணீரில் விட்டுவிட்டு உன் புருஷன் எங்கே போனான் என்று கேட்டாராம். அப்பா சோற்று வரிசையில் நின்றபோது பக்கத்திலிருந்தவர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சாயங்காலம் யாரோ பெரிய மனிதர் எனக்குக் கரடி பொம்மை கொடுக்க வருகிறார் என்றதும், நீங்களும் பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள், ஊர் பார்க்கட்டும் என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்பா யாரிடமோ நல்ல சட்டை ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

பெரிய மனிதரோடு படம் எடுக்க வந்தது அதே கேமராக்காரர்.

"அண்ணே, நீங்க கொஞ்சம் ஓரமா நில்லுங்க. பிள்ளை மட்டும் போதும்."

"நான்தான் இவ அப்பா."

"தெரியுது லா அண்ணே. காலைல போட்ட படத்துக்கு ஒத்து வரணும்ல?"

அப்பா என் கையை விட்டார். நானோ என் உயரத்துக்கு இருந்த கரடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பல் தெரியச் சிரித்தேன். சிரிக்காதே, சோகமாக இரு என்றார் கேமராக்காரர். இருந்தேன்.

தண்ணீர் வடிந்து புது ஐஸ்பெட்டி வாங்கியதும், அப்பா அந்த முதல் பக்கத்தை அதன் கதவில் ஒட்டினார். யார் வந்தாலும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். ஆனால் அவர் தொட்டுக் காட்டுவது படத்தின் ஓரத்தை. அங்கே, பழைய பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடி நாலு விரல் நுனிகள் தெரியும். படத்தை வெட்டியவர் கவனிக்காமல் விட்டது. எனக்கு அழுகையே வந்துவிடும். நடுவில் என் முகம் இத்தனை பெரிதாக இருக்கும்போது, இந்த அப்பா ஏன் எப்போதும் அந்த மூலையையே காட்டுகிறார்?