பெரிய கோயில் நிழலில்

நாங்கள் குத்தகைக்கு உழுத நிலத்தைவிட்டு எங்களை வெளியேற்ற மிராசுதார் போட்ட வழக்கு அது. வக்கீல் சொன்னதால் மனைவியையும் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போயிருந்தேன். அன்றும் வாய்தாதான். அலுப்புடன் கோர்ட்டைவிட்டு வெளியே வந்தோம்.

"இவ்வளவு தூரம் வந்துட்டோம், பெரிய கோயிலையாவது பாத்துட்டுப் போவோங்க" என்றாள்.

முதலில் ஓட்டலில் சாப்பிட்டோம். "யாரோ ஆக்கிப் போட, நான் உக்காந்து சாப்புடுறேன்" என்று சிரித்து, ரசம் இரண்டு தடவை கேட்டு வாங்கினாள்.

கோயிலில் நந்தியைத் தாண்டியதும், "செத்த உக்காருவோங்க" என்று மண்டப நிழலில் சாய்ந்தாள். அடுத்து அரண்மனைக்குப் போகலாமா என்று கேட்டேன். திரும்பிப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருக்க, அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

எழுப்பப் போன கையை இழுத்துக்கொண்டேன். நான் படுக்கும்போது பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பாள். விழிக்கும்போது நடவுக்குப் போயிருப்பாள். இத்தனை வருஷத்தில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாய்தாவுக்கு வக்கீல் என்னை மட்டும்தான் வரச் சொன்னார். அவளையும் கிளம்பச் சொன்னேன்.

"நான் எதுக்குங்க?"

"அன்னிக்குக் கோயிலைச் சரியாப் பாக்கலையே" என்றேன். விரித்துப் படுக்க ஒரு பழைய புடவையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

நிலம் போய்விடுமோ என்ற பயம் நெஞ்சில் இருந்தது. வழக்கு இன்னும் கொஞ்ச நாள் இழுக்கட்டும் என்றும் இருந்தது.