முகப்பில் தொட்டிலோடு நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம்

போன மாசியில், ஐந்து மாதமாகப் பிறந்தகத்தில் இருந்த என் மனைவி கோமுவையும் கைக்குழந்தையையும் அழைத்துவர என் பழைய காரில் நாகர்கோவில் போனேன். திருவனந்தபுரம் கோட்டைக்குள் பேச ஆளில்லாத வீட்டில் ஐந்து மாதம் இருந்து பாருங்கள், ஏன் அவ்வளவு பறந்தேன் என்று புரியும்.

காலை ஆறு மணிக்குத் திரும்பக் கிளம்பினோம். நாற்பத்திரண்டு மைல். மாமனார் முன் ஸீட்டு முழுக்கச் சீர்ப் பாத்திரங்களை அடைத்தார். தொட்டிலை ஜமக்காளத்தில் சுற்றி வண்டியின் முகப்பில் கட்டினார். மாமனாரிடம் வேண்டாம் என்று சொல்லிப் பாருங்களேன்! கோமு பின் ஸீட்டில் குழந்தையோடு அழுதுகொண்டே வந்தாள்.

தக்கலை தாண்டியதும் சூடு காட்டும் முள் ஏறியது. வேகத்தைக் குறைத்தால் இறங்கியது. விரட்டினால் மறுபடி ஏறியது. மேட்டில் ஏறினால் நியாயம், சமதரையில் என்ன கேடு? குழித்துறையில் எஞ்சினை ஆறவிட்டுப் பார்த்தேன். தண்ணீர் குறையவில்லை, விசிறி வாரும் இறுக்கமாகவே இருந்தது.

"ஏன்னா, திரும்பிப் போயிடலாமா?" என்றாள் கோமு. அது நாலாவது தடவை. எனக்குச் சுருக்கென்றது.

பாறசாலையில் முள் உச்சிக்கே போய்விட்டது. சாயாக்கடைக்காரர் தண்ணீர் வாளியோடு ஓடிவந்தார். "சாமி, வெள்ளம் ஒழிக்கட்டா?"

"தண்ணி இருக்கு ஐயா. கோளாறு வேறெங்கேயோ."

வண்டி ஆறியதும் கோமுவை நிழலில் நிறுத்தி, முகப்பைக் கவனிக்கச் சொல்லிவிட்டு, ஒரு பர்லாங் போய் வேகமாகத் திரும்பி வந்தேன். கிட்டே வருமுன்பே கத்தினாள்.

"நிறுத்துங்கோ! ஜமக்காளம் காத்துல அப்படியே ஒட்டிக்கறது. வண்டி மூக்கைப் பொத்திண்டுன்னா ஓடறது!"

அட ராமா! மெதுவாகப் போகும்போது துணி விலகி ரேடியேட்டருக்குக் காற்று போயிருக்கிறது.

"மாமனார் கட்டினதாக்கும், இல்லே? பின்ன சாமி எங்ஙனே அவுக்கும்!" என்று சிரித்தார் கடைக்காரர்.

தொட்டிலை அவிழ்த்தேன். உள்ளே வைக்க இடமில்லை. எதிரே நாகர்கோவில் பஸ் நின்றிருந்தது. கோமு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறிவிடுவாளோ என்று பஸ்ஸுக்கும் அவளுக்கும் நடுவே போய் நின்றேன். பஸ் புறப்பட்டுப் போனது.

"பாத்திரத்தையெல்லாம் தொட்டிலுக்குள்ளே போட்டுப் பின்னாலே வையுங்கோ," என்றாள். "நான் முன்னாலே உக்காந்துக்கறேன்."

அதன்பின் முள் நடுவிலேயே நின்றது. இந்தச் சாலையில் பழைய வண்டி ஓட்டுகிறவர்கள் முகப்பில் எதையும் கட்டாதீர்கள். வேகம் கூடக்கூடச் சூடு ஏறினால் ரேடியேட்டருக்குக் காற்று போகிறதா என்று பாருங்கள். கொதிக்கும்போது அதன் மூடியைத் திறக்கவே வேண்டாம். மூன்று காலன் பெட்ரோல் தாராளம். மூன்று மணி நேரப் பயணம், எங்களுக்கு ஐந்தரை ஆயிற்று.

பதினொன்றரைக்கு எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினேன். ஐந்து மாதமாக இதற்குத்தான் ஏங்கியிருந்தேன். கோமு இறங்கவில்லை.

"அம்மாவைப் பாக்க மறுபடி எப்போ அழைச்சுண்டு போவேள்?" என்றாள்.

நான் இன்னும் எஞ்சினைக்கூட அணைக்கவில்லை.