வரப்பில் உட்கார்ந்த மஞ்சள் ரவிக்கைகள்

தையல் பழக வரும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அம்மா, நீங்க முதமுதல்ல யாருக்கு ரவிக்கை தெச்சீங்க?" என்பதுதான். குப்பம்மாளுக்கு என்று சொல்வேன். அதோடு நிறுத்த முடிவதில்லை. குப்பம்மாள் பேரைச் சொன்னால் அந்த ஆடி மாத நடவைச் சொல்லாமல் இருக்க முடியாது. அதனால் ஒரே தடவையாக எழுதி வைத்துவிடுகிறேன்.

முதல் கிராக்கி

வேலூரில் மிஷன் பள்ளிக்கூட விடுதியில் படித்தபோது தையல் கற்றேன். அங்கே தையல் சொல்லிக்கொடுத்த துரைசானி அம்மா சீமைக்குத் திரும்பும்போது தன் கைமிஷினை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கல்யாணமாகி ஆம்பூர்ப் பக்கம் புருஷன் ஊருக்கு வந்தபோது என் சீர்வரிசை அந்த மிஷின் ஒன்றுதான். என் வீட்டுக்காரர் தேவசகாயம் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை பார்த்தார். சேரியில் எங்களுடையது கடைசி வீடு. வாசலில் புங்கமரம். அதன் நிழலில் மிஷினை வைத்து பிள்ளைகளுக்குப் பாவாடை, ஆண்களுக்குக் கை வைத்த பனியன், தலையணை உறை என்று தைத்துக்கொண்டிருந்தேன்.

ரவிக்கை மட்டும் தைக்கவில்லை. சேரிப் பெண்கள் ரவிக்கை போடக் கூடாது என்பது ஊர்க்கட்டு. புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டுதான் எல்லாரும் வயலுக்கும் ஷாப்புக்கும் போவார்கள். நான் ஒருத்திதான் போட்டிருந்தேன். நாட்டாண்மைக்காரர் அதைப் பார்த்து, "அது வேதக்காரி, அது வழி வேற" என்று, நான் கிறிஸ்தவச்சி என்பதால் விட்டுவிட்டார். ஆனாலும் ஊர்த்தெரு வழியாகப் போக எனக்குத் தைரியம் கிடையாது. ஏரிக்கரையைச் சுற்றித்தான் கடைக்குப் போவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்பம்மாள் வந்து புங்கமரத்தடியில் குந்தினாள். ஷாப்பில் தோல் பதப்படுத்துகிற ஆவாரம்பட்டை சுமக்கிறவள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தோளைத் திருப்பிக் காட்டினாள். பட்டைத் தூள் பட்டுப் பட்டு அரித்து, சொறிந்து, தோல் தடித்துப் போயிருந்தது.

"எஸ்தரு, எனக்கு ஒரு ரவிக்கை தெச்சுக் குடு."

"அக்கா, ஊர்ல பேஜாராய்டும்."

"ஆவட்டும். நேத்து சந்தை மைதானத்துல மீட்டிங் போட்டாங்களே, போனேன். ஒரு ஆளு பேசினான். 'உன் ஒடம்பு உன்னுது. அதுல இன்னா துணி போடணும்னு சொல்றதுக்கு அடுத்தவன் யாரு'ன்னான். அவன் பேசினதுல பாதி எனக்குப் புரியல. புரிஞ்ச பாதியே போதும்."

அப்போதெல்லாம் சுயமரியாதைக் கூட்டங்கள் எங்கள் பக்கம் அடிக்கடி நடந்தன. ஆண்கள்தான் போவார்கள், வந்து சத்தமாகப் பேசுவார்கள், மறுநாள் வழக்கம்போல நாட்டாண்மைக்காரர் வீட்டுக் கொல்லையில் கைகட்டி நிற்பார்கள். கூட்டத்திலிருந்து எதையாவது வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தவள் குப்பம்மாள்தான்.

டர்ர்ர்

பள்ளிக்கூடத்தில் பழகின மாதிரியே தைத்தேன். உடம்போடு பிடித்த தோள், ஒடுக்கமான கை. குப்பம்மாள் போட்டுக்கொண்டு நின்றபோது எனக்கே பெருமையாக இருந்தது. அடுத்த நாள் சாயங்காலம் கக்கத்திலிருந்து இடுப்பு வரை கிழிந்த ரவிக்கையோடு வந்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வேறு.

"கூடையத் தலைக்குத் தூக்கினேனா, டர்ர்ர்னுச்சு. மேஸ்திரி கொரங்கு மாதிரி திரும்பிப் பாக்கறான். ஏம்மா, நின்னுக்கினு இருக்கறவளுக்கு இல்ல தெச்சிருக்கே. வேலை செய்றவளுக்குத் தையி."

உட்கார்ந்து யோசித்தேன். கக்கத்தில் ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைத்தேன். கையைத் தூக்கினால் அந்தத் துண்டு விரிந்து கொடுக்கும், இறக்கினால் மடிந்துகொள்ளும். கையை முழங்கைக்கு மேலே நிறுத்தினேன். முன்னால் முடிச்சு. குப்பம்மாள் இரண்டு கையையும் மேலே தூக்கி, குனிந்து, நிமிர்ந்து, கடைசியில் என் வாசலில் ஒரு சுற்று கும்மியே அடித்துப் பார்த்தாள். தையல் தாங்கியது.

ஷாப்பில் மேஸ்திரி போய் முதலாளி சாயபுவிடம் புகார் சொல்லியிருக்கிறார். சாயபு தோலைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே, "பட்டை ஒழுங்கா வருதா? வருதில்ல? அப்புறம் இன்னாய்யா? அது ரவிக்கை போட்டா தோலு பதப்பட மாட்டேன்னு சொல்லுதா?" என்றாராம். அப்படி ஷாப்பில் வழி கிடைத்தது. ஆனால் நடவுக்கும் அறுப்புக்கும் எங்கள் பெண்கள் வயலில்தான் இறங்க வேண்டும். வயல் எல்லாம் நாட்டாண்மைக்காரருடையது.

ஒரே பீஸ்

குப்பம்மாளைப் பார்த்து மற்றவர்களுக்கும் ஆசை வந்தது, பயமும் வந்தது. என் வாசலில் கூடிப் பேசினார்கள்.

"ஒருத்தி போட்டா அடிப்பான்" என்றாள் குப்பம்மாள். "எல்லாரும் போட்டா எத்தினி பேர அடிப்பான்? கை வலிக்காதா அவனுக்கு?"

சனிக்கிழமைக் கூலியில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, ஆம்பூர்க் கடைத்தெருவில் ஒரு முழு பீஸ் சீட்டித் துணி வாங்கி வந்தார்கள். மஞ்சளில் சிவப்புப் புள்ளி. ஆளுக்கொரு நிறம் வாங்கியிருக்கலாமே என்றேன்.

"ஒரே கலரா இருந்தா, யாரு மொதல்ல போட்டான்னு எப்படிக் கண்டுபுடிப்பான்?" என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை.

அளவெடுத்த நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். அவர்களில் யாரையும் அதுவரை யாரும் அளவெடுத்ததில்லை. டேப்பைக் கண்டதும் ஒருத்தி, "இன்னாம்மா, உங்க கோயில்ல செத்தவங்களுக்குப் பொட்டி செய்யத்தானே அளவெடுப்பாங்க, அதுக்குள்ள எனக்கு எதுக்கு?" என்று ஓடினாள். இன்னொருத்திக்குக் கூச்சம். இடுப்பில் டேப் பட்டதும் நெளிந்து விழுந்து புரண்டாள். பிடித்து நிறுத்த வந்தவளும் சேர்ந்து விழுந்தாள். தேவசகாயம் உள்ளேயிருந்து, "இங்க தையல் நடக்குதா, கூத்து நடக்குதா?" என்று கேட்டார். அப்புறம் அவரே வந்து மிஷினுக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தார். ராத்திரி சாப்பிடும்போதுதான், "எஸ்தரு, மிஷின் போய்ட்டா பரவால்ல. வீட்ட கொளுத்திட்டா?" என்று மெல்லக் கேட்டார். எனக்கும் அதே பயம்தான். மறுநாள் அவரே நூல் கண்டு வாங்கிக்கொண்டு வந்து வைத்தார்.

குடை

நடவு தொடங்குகிற காலையில் எல்லாரும் மஞ்சள் ரவிக்கையோடு வயலுக்குப் போனார்கள். நானும் அதே துணியில் ஒன்று தைத்துப் போட்டுக்கொண்டு கூடவே போனேன். எனக்கு நடத் தெரியாது. இருந்தாலும் தைத்துக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்க மனசு வரவில்லை.

நாட்டாண்மைக்காரர் வரப்பில் குடை பிடித்து நின்றுகொண்டிருந்தார். முதலில் அவருக்கு எதுவும் விளங்கவில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். விளங்கியதும் முகம் சிவந்துவிட்டது.

"இன்னாடி கோலம் இது? கழட்டி வெச்சுட்டு எறங்குங்க."

யாரும் அசையவில்லை.

"யாரு தெச்சது? நீதானே? உன் மிஷின தூக்கிக் கெணத்துல போட்றேன் பாரு."

என் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. குப்பம்மாள் ஒரு அடி முன்னால் போனாள். கோபமாகப் பேசவில்லை, சந்தையில் விலை பேசுகிற மாதிரிதான் பேசினாள்.

"ஆண்டே, வெயிலு சுடுதுன்னு நீங்க கொடை புடிச்சுக்கினு நிக்கிறீங்க. எங்க முதுகும் முதுகுதான். நீங்க கொடைய மடக்குங்க, நாங்க ரவிக்கைய கழட்டறோம்."

எங்கேயோ ஒருத்தி 'ப்ஸ்' என்று சிரிப்பை அடக்கினாள். அவர் கை குடைக்காம்பை இறுக்கிப் பிடித்தது. மடக்கவில்லை.

"உங்களுக்கு வேலை கெடையாது. போங்க."

குப்பம்மாள் போகவில்லை. வரப்பிலேயே குந்தினாள். பக்கத்தில் ஒவ்வொருத்தியாக எல்லாரும் குந்தினோம். அன்று மதியம் வரை உட்கார்ந்துவிட்டு வந்தோம். மறுநாளும் போனோம். நாற்று கட்டுக்கட்டாகப் பிடுங்கி வைத்தது அப்படியே கிடந்தது. நாற்றங்காலில் மிச்சம் இருந்ததும் முற்றிக்கொண்டிருந்தது. நடவு தள்ளிப்போனால் யாருக்கு நஷ்டம் என்று எல்லாருக்கும் தெரியும். எங்களுக்கும் கஷ்டம்தான். ஷாப்பில் அந்தச் சமயம் வேலை கம்மி. வீட்டுக்கு வீடு கூழ் தண்ணியாகிவிட்டது. ஆண்களில் சிலர், "போதும்மே, விட்டுடுங்க" என்றார்கள். "நீ போய்க் கைகட்டு, நாங்க கையக் கட்டிக்கினு குந்தறோம்" என்றாள் குப்பம்மாள் தன் புருஷனிடம்.

அக்கரையிலிருந்து வந்தவர்கள்

நாட்டாண்மைக்காரர் பாலாற்றுக்கு அக்கரையில் ஆள் சொல்லி அனுப்பியிருக்கிறார். அது எங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் காலையில் வரப்பில் குந்தியிருக்கும்போது ஆற்று மணலைத் தாண்டி ஒரு வரிசை வருவது தெரிந்தது. நடவுப் பெண்கள், எங்களைப் போலச் சேரிக்காரர்கள், தோளில் வெறும் தலைப்புதான். பாடிக்கொண்டே வந்தார்கள். அவர்கள் இறங்கி நட்டுவிட்டால் எங்கள் கதை முடிந்தது.

முன்னால் வந்தவள் பேர் முனியம்மாள் என்று அப்புறம் தெரிந்தது. நெட்டையான, நரைத்த பெண்பிள்ளை. எங்களைக் கண்டதும் பாட்டை நிறுத்தினாள். வரிசை முழுக்க நின்றது. அவள் நேராகக் குப்பம்மாளிடம் வந்து, ரவிக்கைக் கையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். தையலைத் திருப்பிப் பார்த்தாள்.

"எங்க வாங்கினது?"

"வாங்கல. இதோ இவ தெச்சது."

முனியம்மாள் என்னைப் பார்த்தாள். "எங்களுக்கும் தெப்பியா?"

"தெப்பேன் ஆயா" என்றேன். இந்தத் தடவை சத்தம் வந்தது.

"சரி, நீங்க ஏன் குந்திக்கினு இருக்கீங்க?"

குப்பம்மாள் சொன்னாள். முனியம்மாள் கேட்டுக்கொண்டே இடுப்பில் இருந்த வெற்றிலைப் பையை அவிழ்த்தாள். ஒரு வெற்றிலையைக் கிள்ளி வாயில் போட்டாள். நாட்டாண்மைக்காரர் அந்தப் பக்கமிருந்து, "ஏய், அங்க இன்னா பேச்சு? எறங்குங்க!" என்று கத்தினார். அவள் திரும்பித் தன் பெண்களைப் பார்த்தாள்.

"ஏய், குந்துங்கடி."

குந்திவிட்டார்கள். எங்கள் மஞ்சள் வரிசைக்கு எதிர் வரப்பில், அந்த வயலைச் சுற்றிலும். எங்களில் ஒருத்தி எழுந்து போய் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். யாரோ பாட்டை எடுத்தார்கள். அக்கரைப் பாட்டுக்கும் எங்கள் பாட்டுக்கும் மெட்டு ஒன்றுதான், வார்த்தைதான் வேறு. இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் பாடத் தொடங்கினோம்.

நாட்டாண்மைக்காரர் நாற்றுக்கட்டுகளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். அவர்களைப் பார்த்தார். கடைசியில், "எதையோ போட்டுக்கினு நட்டுத் தொலைங்க!" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

நாங்கள் போட்ட கூச்சலில் கொக்கு எல்லாம் பறந்துவிட்டது. இரண்டு ஊர்ப் பெண்களும் ஒன்றாகச் சேற்றில் இறங்கினார்கள். என்னையும் இழுத்துவிட்டார்கள். நான் நட்ட நாற்று பாதி சாய்ந்தது. குப்பம்மாள் பின்னாலேயே வந்து அதையெல்லாம் பிடுங்கி மறுபடி நட்டாள். "நீ மிஷினோட நின்னுக்கோம்மா" என்றாள்.

முனியம்மாள் சொன்னது

அதோடு ஊர் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஊர்க் கிணற்றில் எங்களுக்குத் தண்ணீர் கிடைக்க இன்னும் ரொம்பக் காலம் ஆயிற்று. ஆனால் ஏரிக்கரையைச் சுற்றிப் போவதை நான் அந்த வாரமே விட்டுவிட்டேன். ஊர்த்தெரு வழியாகவே கடைக்குப் போனேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அறுப்பு முடிந்த ஒரு ஞாயிறு, கோயில் விட்டு வந்தபோது என் வாசல் முழுக்க அக்கரைப் பெண்கள். அளவெடுத்து, வெட்டி, அடுத்த வாரம் முதல் ரவிக்கையை முனியம்மாளுக்குக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு வந்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். கையைத் தூக்கினாள், குந்தினாள், எழுந்தாள், வாசலில் கொஞ்சம் நடந்தாள். பிறகு கதவுக்குப் பின்னால் போனாள். திரும்பி வரும்போது பழையபடி புடவைத் தலைப்பு மட்டும்தான். ரவிக்கை மடித்துக் கையில் இருந்தது.

"நல்லாத்தான் தெச்சிருக்கே தாயி. ஆனா எனக்குக் காத்து வேணும். என் மருமவ போட்டுக்கட்டும்."

குப்பம்மாளுக்குத் தாங்கவில்லை. "இதுக்கா வரப்புல குந்தினோம்?"

"இதுக்குத்தான்டி குந்தினோம்" என்றாள் முனியம்மாள். "போடாதேன்னு அவன் சொன்னான், குந்தினோம். இப்ப போடுன்னு நீ சொல்றே. உன் எதிர்லயும் குந்தட்டா?"

குப்பம்மாள்தான் முதலில் சிரித்தாள்.

தையல் படிக்க வருகிற பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். வெட்டும் தையலும் ஒரு வருஷத்தில் கைக்கு வந்துவிடும். எதிரில் நிற்கிறவளுக்கு என்ன வேண்டும் என்று அவள் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அவள் கேட்டதைத் தைத்துக் கொடுங்கள். வேண்டாம் என்றால் மனசு கோணாமல் மடித்து வையுங்கள்.

அன்றைக்கு முனியம்மாள் வீட்டுக்குப் போகவில்லை. மிஷின் பக்கத்தில் சட்டமாகக் குந்திக்கொண்டு, மற்றவர்களுடைய ரவிக்கைகளுக்கெல்லாம் பொழுது சாயும்வரை கைப்பிடியைச் சுற்றிக் கொடுத்தாள்.