தூண்கள் இருக்க வேண்டிய இடத்தில்

எங்கள் எண்ணூர்த் தெருக் குழந்தைகளைத் தஞ்சாவூர் ஓவியம் போலவே படம் எடுத்துக் கண்காட்சி வைக்க ஒரு புகைப்படக்கார அக்கா வந்தார். நரைத்த கிராப்பு, காதில் செருகிய பென்சில். கேமராவைத் தொடுமுன் தரையில் உட்கார்ந்து, குழந்தையின் கண் உயரத்திலிருந்து அறையைப் பார்ப்பார்.

என் மகளுக்கு நான்கு வயது, வீசிங் உண்டு. அட்டைக் கிரீடம் வைத்து அவளை வெண்ணெய்க் கண்ணனாக்கிவிட்டு, மருந்தைப் புகையாக்கி மூச்சில் ஏற்றும் மெஷினைக் கட்டிலுக்கடியில் தள்ளியிருந்தேன்.

"இன்னா கண்ணு, மெஷின ஒளிச்சு வச்சுக்கினு கீற? அத்தோடதான் படமே."

"வேணாங்கா. பெத்தவ ஒழுங்கா பாத்துக்கலன்னு சொல்லுவாங்க." அந்தச் சந்தேகம் எனக்கே உண்டு.

அவர் ஜன்னல் திரையை விலக்கினார். ஓவியத்தில் மண்டபத் தூண்கள் நிற்கும் இடத்தில் அனல்மின் நிலையத்தின் இரண்டு புகைபோக்கிகள் நின்றன.

"உன்ன இன்னாத்துக்குக் கேக்கறாங்க? பின்னால நிக்குதே, அத்தக் கேப்பாங்க."

மெஷினை எடுத்து வைத்தேன். மாஸ்க்கைப் பார்த்தாலே அழுகிற மகள், அன்று அதைத் தானே மாட்டிக்கொண்டு கேட்டாள்: "கிருஷ்ணருக்கும் வீசிங்காம்மா?"

"இந்த ஊர்ல பொறந்திருந்தா வந்திருக்கும்டி!" என்று சிரித்தார் அக்கா.

அந்தப் படம் இப்போது எந்த ஊர்ச் சுவரில் இருக்கிறதோ, தெரியாது. வீட்டுக்கு யாராவது வந்தால் நான் மெஷினை ஒளிப்பதில்லை. திரையை விலக்கிக் காட்டுகிறேன்.