மூன்று தண்ணீரில் கழுவிய உப்பு

அருமனையில் தையல்கடை வைத்திருக்கும் ஜெஸ்பினுக்கு ஏன், எதற்கு என்று கேட்காவிட்டால் தலை வெடித்துவிடும். அளவு கொடுக்க வந்த சயின்ஸ் டீச்சரையே கேள்வி கேட்டுத் திணறடித்தவள். சுத்தத்திலும் அவளை மிஞ்ச ஆளில்லை. கடையில் வாங்கும் கல்லுப்பைக்கூட மூன்று தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்துத்தான் பரணி ஜாடியில் அடைப்பாள்.

கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து இப்போதுதான் வயிற்றில் ஒன்று தங்கியிருக்கிறது. நான்காம் மாதம். இருமினால்கூட அவளுக்குப் பயம்.

அங்கன்வாடி நேசபாய் உப்பைச் சோதிக்கும் மருந்துக் குப்பியோடு அன்று வீட்டுக்கு வந்தாள். ஜெஸ்பின் விடுவாளா?

"எக்கா, மலைநாட்டுக்காரங்களுக்குச் சரி. கடல் பக்கத்துல இருந்து தெனமும் மீன் திங்குற நமக்கு எதுக்கு அயோடின் உப்பு?"

"மீன் தின்னா கொஞ்சம் கிடைக்கும் மக்கா. நீ கடைசியா எப்பம் மீன் தின்ன?"

ஜெஸ்பின் யோசித்தாள். மசக்கை தொடங்கியதிலிருந்து மீன் வாடை அடித்தாலே குமட்டல். இரண்டு மாதமாக மரச்சீனிக் கிழங்கும் தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சம்மந்தியும்தான்.

"அதுக்கென்ன? அயோடின் போட்ட பாக்கெட்டு உப்புதான் நான் வாங்குகேன்" என்று பரணியை நீட்டினாள்.

அயோடின் இருந்தால் நீலமாகும் என்று சொல்லி, நேசபாய் அதில் ஒரு சொட்டு மருந்து விட்டாள். உப்பு வெள்ளையாகவே கிடந்தது. இன்னொரு சொட்டு. அப்படியேதான்.

"கடைக்காரன் ஏமாத்திட்டான்." ஜெஸ்பினுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிரிக்காத பாக்கெட் ஒன்றை உடைத்தாள். அதில் சொட்டு விழுந்த இடம் சட்டென்று நீலமானது. இரண்டு உப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரே கடை, ஒரே கம்பெனி.

"உப்பைக் கழுவினியா?" என்றாள் நேசபாய்.

"மூணு தண்ணி."

"கல்லுப்புக்கு அயோடினை மேலதான் தெளிப்பாங்க. கழுவினா தண்ணியோட போயிரும்."

"அது இல்லேன்னா பிள்ளைக்கு?"

"மூளை வளர அது வேணும் மக்கா. நாளைக்கே போய் தைராய்டு டெஸ்ட் எடு."

ஜெஸ்பின் பரணியைத் தள்ளிவைத்தாள். வயிற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து, "தைராய்டு சரியாக இருக்கிறது, குழப்பமில்லை, இனிமேல் உப்பைக் கழுவாமல் போடுங்கள்" என்று டாக்டர் சொன்னபோது அழுதேவிட்டாள். ஆட்டோ பிடித்தவள் வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த தெருவில் இறங்கி, ஆறு மாதக் கர்ப்பிணியான தோழி பிந்துவின் கதவைத் தட்டினாள்.

"ஏட்டி, உப்பைக் கழுவச் சொல்லித்தந்தது நான்தானே. தப்பாப் போச்சு. சேலையை மாத்து, நீயும் டெஸ்ட் எடுக்கணும், ஆட்டோ நிக்குது."