மருந்து அட்டையில் ஒரு கையெழுத்து

அந்தக் குடியிருப்பில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'சர்வீஸ்' என்றால்தான் தெரியும். லிஃப்ட் மெக்கானிக். பத்தொன்பது வருஷமாக ஊரிலுள்ள லிஃப்டுகளின் கம்பிக்கயிறு, பிரேக், கதவு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, உள்ளே தொங்கும் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்து வைப்பதுதான் பிழைப்பு. மனிதர் தங்கம். வாய்தான் கொஞ்சம் நீளம். உங்கள் வீட்டு மிக்ஸி சத்தம் போட்டால், "எப்ப சர்வீஸ் பண்ணீங்க?" என்பார். உங்களுக்குத் தலைவலி என்றாலும் அதையேதான் கேட்பார்.

தரைத்தளத்தில் குடியிருந்ததால் பின்பக்கத்து மண்தரை அவருக்குக் கிடைத்தது. அதில் கம்பிவலைக் கூண்டு கட்டிப் பதினாலு கோழி வளர்த்தார். வேலை முடிந்து வந்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல் நேரே அங்கேதான் போவார். கூண்டுக் கதவிலும் லிஃப்டில் இருப்பதுபோலவே ஓர் அட்டை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடல்புழு மருந்து, தேதி, கையெழுத்து. முட்டை வாங்க வருகிறவர்கள் முதலில் அந்த அட்டையைப் படித்தாக வேண்டும். படித்தால்தான் முட்டை. நாலாம் மாடி டீச்சர், முழங்கால் வலியோடு கீழே வந்து நிற்பவர், "ஏன்பா, முட்டை வாங்க வந்தேனா, பரீட்சை எழுத வந்தேனா?" என்று கேட்டதுண்டு.

அப்பேர்ப்பட்ட கூண்டில் ஒன்பது நாளில் மூன்று கோழிகள் செத்துப்போயின. கொண்டை வெளுத்து, நெஞ்செலும்பு துருத்திக்கொண்டு, ஒரு மூலையில் இறகைச் சிலிர்த்து உட்கார்ந்து, அப்படியே சாய்ந்தன. பறவைக் காய்ச்சல் என்று யாரோ மாடிப்படியில் சொல்ல, பேச்சு மொட்டைமாடிவரை போய்விட்டது. குடியிருப்புச் செயலாளர் கால்நடை அலுவலகத்துக்கு எழுதிப்போட்டார். மூன்று மணிக்கு டாக்டரம்மா வருவதாகத் தகவல் வந்தது. காய்ச்சல்தான் என்றால் மிச்சமிருக்கும் பதினொன்றையும் பிடித்துக் கொன்று, குழிதோண்டிப் புதைத்துவிடுவார்கள்.

சர்வீஸ் கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். காய்ச்சல் பயம் பாதிதான். மீதிப் பாதி அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டும் தெரிந்தது.

போன மாதம் மருந்து கொடுக்க வேண்டிய நாளன்று காலையில் அவர் கூண்டருகே வந்தார். பேனா சட்டைப்பையில் இருந்தது, மருந்து சமையலறையில் இருந்தது. கைப்பழக்கம், முதலில் அட்டையில் கையெழுத்தைப் போட்டுவிட்டார். உடனே போன். ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே ஆட்களோடு நின்றுவிட்டதாம். ஓடினார். மறுநாள் அவர் எழுவதற்குள் மனைவி தீனி போட்டுவிட்டாள். வெறும் வயிற்றில் கொடுத்தால்தான் நல்லது, நாளைக்குப் பார்ப்போம் என்றார். அந்த 'நாளைக்கு' ஒரு மாதம் நீண்டுவிட்டது. மருந்துப் பாட்டில் மாவு டப்பாவுக்குப் பின்னால் மூடி திருகாமல் அப்படியே இருந்தது.

"அறுத்துப் பாக்கும்போது உள்ள புழு இருந்தா உங்க வண்டவாளம் வெளிய வரும். இல்லேன்னா கோழி போயிடும்," என்றாள் மனைவி. "எது வேணும்னு இப்பவே சாமிகிட்ட சொல்லிருங்க."

புழுவே கூடாது என்று ஊருக்கெல்லாம் பிரசங்கம் செய்த மனிதர், அன்று மத்தியானம் பின்பக்கத்தில் நின்று, புழு இருக்கணுமே என்று மனதார வேண்டிக்கொண்டார்.

டாக்டரம்மா சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். முகத்துக்குத் துணி, கைக்கு உறை. அன்று காலையில் செத்த கோழியைத் துணி துவைக்கும் கல்லில் மல்லாத்தினார். செயலாளரும் டீச்சரும் இன்னும் நாலைந்து பேரும் சுவரோரம் தள்ளி நின்றார்கள்.

முதலில் மூச்சுக்குழாயைக் கத்தரித்துப் பார்த்தார். "இங்க ஒண்ணும் இல்ல." இரைப்பைக்குமேல் இருந்த பகுதியைப் பிளந்து, ரத்தப்புள்ளி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அங்கேயும் இல்லை. ஈரலைத் தடவினார். அதிலும் ஒன்றும் தெரியவில்லை. சர்வீஸ் ஓரடி முன்னால் வந்து எட்டிப் பார்த்தார். ஒன்றுமே இல்லை என்றால் இவர் என்ன முடிவுக்கு வருவார்? செயலாளர் செருமினார்.

டாக்டரம்மா குடலை இழுத்துக் கல்லின்மேல் நீளமாக வைத்தார். ஒரு இடத்தில் அது பருத்துக் கெட்டியாக இருந்தது. கத்தரிக்கோல் நுனியை அங்கே விட்டார்.

பொலபொலவென்று வந்து விழுந்தன. வெள்ளையாக, விரல் நீளத்துக்கு, நனைந்த நூல்கண்டுபோல் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு. டீச்சர் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். சர்வீஸ் மட்டும் கண்ணில் நீர் வர அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஜென்மத்தில் எதையும் அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை.

"குடலையே அடைச்சிருக்கு," என்றார் டாக்டரம்மா. "காய்ச்சலுக்கான அடையாளம் எதுவும் இல்ல. வழக்கப்படி பரிசோதனைக்குச் சாம்பிள் அனுப்புறேன். மத்ததையெல்லாம் கொல்ல வேண்டாம். நாளைக்குக் காலையில மருந்து கொடுங்க, ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவை. பழைய எச்சத்தை வழிச்சு எடுத்துட்டு, தரையை ஈரமில்லாம வைங்க. நான் சொல்ற வரைக்கும் முட்டை யாருக்கும் தராதீங்க."

செயலாளர் பெருமூச்சு விட்டார். அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் கைகழுவத் திரும்பிய டாக்டரம்மாவின் கண் கூண்டுக் கதவில் பட்டது.

"போன மாசம் மருந்து கொடுத்ததா போட்டிருக்கு?"

சர்வீஸின் கை தானாகச் சட்டைப்பைப் பேனாவைத் தொட்டது.

"ஒரு மாசத்துல புழு இவ்வளவு நீளம் வளராதே. அப்ப மருந்து போலிதான். இப்படி விக்கிறவங்களைச் சும்மா விடக் கூடாது. எந்தக் கடை?" டாக்டரம்மா நோட்டைத் திறந்தார்.

"நம்ம முக்குக் கடைதான் டாக்டர்," என்று டீச்சர் முந்திக்கொண்டார். "இவன் வேற எங்கயும் வாங்க மாட்டான். பாவம், இவ்வளவு ஒழுங்கா கவனிக்கிற பிள்ளையை ஏமாத்திட்டானே!"

தலையாட்டினால் போதும். அதைக்கூடச் செய்ய வேண்டாம், சும்மா நின்றாலே போதும். முக்குக் கடைக்காரர் பாவம், இந்நேரம் மாட்டுத்தீவனம் நிறுத்துக்கொண்டிருப்பார். பேனா தாளில் பட்டது. மனைவி பின்வாசலில் நின்றிருந்தாள். அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதாதீங்க," என்றார் சர்வீஸ். "மருந்து நல்ல மருந்துதான். நான் கொடுக்கல."

"அட்டையில..."

"கையெழுத்து மட்டும் போட்டேன். மருந்து இன்னும் பாட்டில்லயே இருக்கு."

டாக்டரம்மா திட்டவில்லை. நோட்டை மூடினார். "மூணு கோழி போயிடுச்சு. இனிமே கொடுத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். மானம் போனாலும் கோழிகள் பிழைத்தன, கடைக்காரரும் தப்பித்தார். நெஞ்சிலிருந்து பெரிய பாறை இறங்கியதுபோல் இருந்தது சர்வீஸுக்கு. கூட்டம் கலைந்தது. டீச்சர் மட்டும் நகரவில்லை.

"ஏன்பா," என்றார் மெதுவாக. "நம்ம லிஃப்ட் அட்டையிலயும் உன் கையெழுத்துதானே இருக்கு?"

"டீச்சர்! அது வேற. அதுல ஒரு தடவைகூட நான் அப்படி... சத்தியமா டீச்சர்."

உண்மைதான். லிஃப்டில் ஒரு நாளும் பார்க்காமல் அவர் கையெழுத்துப் போட்டதில்லை. நேற்றாக இருந்தால் சத்தியமே தேவைப்பட்டிருக்காது.

"சரிப்பா," என்றார் டீச்சர். கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

டீச்சர் முன்பக்கம் நடக்க, பின்னாலேயே சர்வீஸும் போனார். லிஃப்ட் கீழேதான் நின்றது. சர்வீஸ் ஓடிப்போய் பொத்தானை அழுத்தினார். கதவு சத்தமில்லாமல் திறந்தது, உள்ளே விளக்கு எரிந்தது.

"வாங்க டீச்சர், நானும் கூட வர்றேன்."

"நீ போப்பா. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

சொல்லிவிட்டு டீச்சர் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தார். ஒரு படியில் வலது காலை வைத்து, இடது காலை அதே படிக்கு இழுத்து, நின்று, அடுத்த படி. சர்வீஸ் திறந்த லிஃப்டுக்கு வெளியே நின்றார். முதல் மாடித் திருப்பத்தில் டீச்சர் மூச்சு வாங்குவது கீழே கேட்டது. இன்னும் மூன்று மாடி இருந்தது.