மருமகன் மெடிக்கல் பாஸ்

மூன்று கிழமைக்கு முன்னர் ஒரு காலை. வாசலில் ஓர் ஓட்டோ வந்து நின்றது. இறங்கியவர் யோகன் — எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தின் செயலாளர். கட்டாரில் எட்டு வருடம் லொறி ஓட்டியவர். இப்போது இங்கே ஓட்டோ ஓட்டுகிறார். நன்கொடைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, வீட்டில் இல்லாதவனாக மாற முயன்றேன். தாமதமாகிவிட்டது.

"ஒளியாதீங்க அண்ணன். காசு கேக்க வரல்ல. உங்கட மருமகனக் கேக்க வந்திருக்கன்."

மருமகன் என்றால் அமெரிக்காவில் இருக்கும் என் அக்காவின் மகன். கஜன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயே பிறந்தவன், வயது இருபத்தெட்டு. அம்மாவிடம் பழகிய மட்டக்களப்புத் தமிழைப் பேசுவான். உச்சரிப்பு மட்டும் அமெரிக்கா. தொழில், அமெரிக்கன் புட்போல். முட்டை வடிவத்தில் ஒரு பந்து வருமே... அதேதான். அதில் அவனுக்கு 'வைட் ரிசீவர்' என்ற இடம்.

அது என்ன வேலை? நானும் கேட்டேன். மைதானத்தின் ஓரத்தில் நிற்க வேண்டும். ஆட்டம் தொடங்கியதும் முன்னால் பாய்ந்து ஓட வேண்டும். பின்னாலிருந்து ஒருவர் பந்தை எறிவார். ஓடிக்கொண்டே திரும்பிப் பார்த்து அதைப் பிடிக்க வேண்டும். அதே நேரத்தில் இவனை விழுத்துவதற்கென்றே ஒரு தடியர் எதிரே ஓடி வருவார். அவரைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் பந்து தவறும். பந்து தவறினால் வேலை தவறும்.

இடிக்க வருகிறவனைப் பார்க்காமலிருப்பதற்குச் சம்பளம்!

ஐந்து வருடத்தில் நான்கு அணிகள். அதிலும் பாதி நாள் பயிற்சிக் குழுவில்தான். அதாவது, ஞாயிற்றுக்கிழமை ஆடப்போகிறவர்கள் புதன்கிழமை இடித்துப் பழக ஓர் ஆள் வேண்டுமல்லவா? அந்த ஆள். கடைசி அணியும் 'இனி வர வேண்டாம்' என்று ஒரு வரியில் சொல்லிவிட, அடுத்த அழைப்பு வரும்வரை அம்மாவின் ஊரைப் பார்ப்போமென்று வந்திருந்தான். பாசிக்குடாவில் இரண்டு நாள் இருந்தான். மற்ற நாளெல்லாம் எங்கள் வீட்டுக் கதிரையில் கிடந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

யோகனின் பிரச்சினை சின்னது. சனிக்கிழமை உதைபந்தாட்ட இறுதிப்போட்டி. அவர்களுடைய கோல் காப்பாளருக்கு டெங்கு.

"தம்பி பந்து பிடிக்கிறவர்தானே? மறுகா என்ன? கோலுக்க விடுவம்!"

"அது வேற விளையாட்டு யோகன்."

"பந்து பந்துதானே அண்ணன். வந்தாப் புடிக்கிற. இதுல என்ன வேற?"

யோசித்துப் பார்த்தேன். வாதத்தில் ஓட்டை இல்லை. "பொருத்தமான இடம்தான்" என்று தீர்ப்புச் சொன்னேன். காலால் ஒரு பந்தையும் தொட்டறியாதவன் நான். ஆனாலும் அபிப்பிராயம் சொல்வதில் என்னை யாரும் குறை சொன்னதில்லை. கஜன் போனிலிருந்து நிமிர்ந்து சிரித்தான். அவனை நோக்கி யாரும் ஒரு பந்தை எறிந்து மூன்று மாதமாகியிருந்தது.

சனிக்கிழமை. வவுணதீவுப் பக்கம், வயல் வட்டையோரத்து மைதானம். அறுவடை முடிந்த வயலெல்லாம் மோட்டார் சைக்கிள்கள். முதல் பந்து வந்தது. பாய்ந்து பிடித்தான். பிடித்தவன் அப்படியே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குறுக்கே வந்தவர்களை விலக்கியபடி, எதிர்ப்பக்கக் கோலை நோக்கி ஓடினான்! மத்தியஸ்தர் விசிலோடு பின்னால் ஓடினார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. "விடாதகா, இன்னும் ஓடுகா!" என்று ஒரு குரல்.

அதற்குப் பிறகு ஒரு பந்தும் அவனைத் தாண்டவில்லை. எங்கிருந்து அடித்தாலும் அந்தக் கைகளுக்குள் போய் விழுந்தது. தொலைக்காட்சியில் ஐந்து வருடமாகப் பார்த்தும் எனக்கு விளங்காத ஒன்று அன்றைக்குத்தான் விளங்கியது. இவன் கெட்டிக்காரன்.

இரண்டாம் பாதியில் ஒரு கோனர் கிக். கூட்டத்துக்கு மேலே எழும்பி இரண்டு கையாலும் பிடித்தான். அதே நேரம் எழும்பிய எதிரணிக்காரர் ஒருவரின் முழங்கால் அவனுடைய காதுக்கு மேலே பட்டது. பெரிய இடி ஒன்றுமில்லை. கீழே விழுந்தான், பந்தை விடவில்லை. எழும்பினான். கைதட்டல். பந்தை மத்தியஸ்தரிடம் கொடுத்துவிட்டு நிதானமாக நடந்து போய்... எதிர்ப்பக்கக் கோலுக்குள் நின்றான்.

சனம் சிரித்தது. நானும் சிரித்தேன். பகிடி விடுகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பக்கத்தில் போன பிறகுதான் தெரிந்தது — அங்கே நின்ற காப்பாளரிடம் ஆங்கிலத்தில், இது எத்தனையாவது குவார்ட்டர் என்று கேட்டுக்கொண்டிருந்தான். நான்கு குவார்ட்டராக ஆடுவது அவனுடைய அமெரிக்க ஆட்டம்.

யோகனின் ஓட்டோவிலேயே வீட்டுக்குத் திரும்பினோம். வலையிறவுப் பாலத்தில் ஏறியதும் கஜன் கேட்டான்:

"இது என்ன தண்ணி மாமா?"

"வாவி."

பாலத்தின் நடுவில் மறுபடியும், "இது என்ன தண்ணி மாமா?"

பாலம் முடிகிற இடத்தில் மூன்றாவது தடவை.

"தம்பிக்கு வாவிய நல்லாப் பிடிச்சிட்டுது போல" என்றார் யோகன், கண்ணாடியில் பார்த்துச் சிரித்தபடி.

வீட்டில் வாந்தி எடுத்தான். திரைச்சீலைகளை மூடச் சொன்னான். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதாம். ஆஸ்பத்திரிக்குப் போவோமென்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டான். பந்து பிடிக்கிற கை, உதற முடியவில்லை.

"வேணாம் மாமா. மண்டையில அடி எண்டு எழுதிப் போட்டிருவாங்க. எழுதிட்டா முடிஞ்சுது."

"முந்தியும் இப்படி வந்திருக்கா?"

"ஓம். லீக்குக்குத் தெரிஞ்சது ஒண்டுதான்."

"தெரியாதது?"

"எண்ணல்ல மாமா."

பிறகு தானாகவே சொன்னான். சீசன் தொடங்க முதல் எல்லோருக்கும் ஒரு ஞாபக டெஸ்ட் வைப்பார்களாம். அடிபட்டால் திரும்ப வைத்து, முதல் புள்ளியோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். "அதால நாங்க நல்லா இருக்கக்குள்ளயே மொக்கன் மாதிரி எழுதுவம். மறுகா அடிபட்டாலும் வித்தியாசம் தெரியாது." சிரித்தான். பிறகு, "அம்மாட்டச் சொல்லாதீங்க" என்றான்.

மூன்றாம் நாள் அவனுடைய ஏஜன்ட் அமெரிக்காவிலிருந்து அழைத்தார். ஓர் அணியில் இரண்டு ரிசீவர்களுக்குக் கால் போய்விட்டது. உடனே வா. ஆனால் முதலில் மெடிக்கல்.

ஏஜன்ட், மெடிக்கல்... இந்த இரண்டு சொற்களுக்கும் எங்கள் பக்கத்தில் விளக்கம் தேவையா? காத்தான்குடியிலிருந்து வவுணதீவுவரை எத்தனை வீடுகள் இந்த இரண்டையும் தாண்டித்தான் கல்வீடாகியிருக்கின்றன! மத்திய கிழக்கு வேலைக்காகக் கொழும்புக்கு மெடிக்கலுக்குப் போகிறவருக்கு ஊரே ஆலோசனை சொல்லும். பிரஷரா? உப்பை நிறுத்து. இளநீர் குடி. முதல்நாள் நல்லாப் படுத்தெழும்பு. யோகன் கட்டாருக்குப் போனது எங்கள் வீட்டு இளநீரைக் குடித்துத்தான். உனக்கு என்ன வருத்தம் என்று இங்கே யாரும் கேட்பதில்லை. பாஸா, இல்லையா?

கஜன் 'மெடிக்கல்' என்றதும் என் தலையும் அந்தப் பழைய பாதையிலேயே ஓடியது. இவனுக்கு என்ன செய்கிறது என்று யோசிக்கவில்லை. இவனை எப்படிப் பாஸாக்குவது என்று யோசித்தேன்.

டெஸ்டில் ஐந்து சொற்களைச் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்பார்களாம். வீட்டிலேயே பழகினோம். புலி, வாளி, எலுமிச்சை, கடதாசி, மாலை நேரம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நடுவில் மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னேன். டிசம்பர், நவம்பர், ஒக்டோபர், செப்டம்பர், ஓகஸ்ட்... நின்றான். பிறகு மெதுவாக, "செப்டம்பர்" என்றான்.

"சரி, அந்த ஐஞ்சு சொல்லு?"

"புலி..." சுவரைப் பார்த்தான். "மாமா, நீங்க ஐஞ்சா சொன்னீங்க?"

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். "விட்டிடு கஜன், வேற ஏதும் பாப்பம்" என்று ஒரு தடவை சொல்லித்தான் பார்த்தேன். "வேற என்ன மாமா? எனக்குப் பந்து பிடிக்கத்தானே தெரியும்" என்றான். பதில் இல்லாத இடத்தில் உதவி செய்யத் தொடங்கிவிடுவது என் பழக்கம்.

இருபது வருடமாகப் பத்தி எழுதுகிறேன். சம்பந்தமில்லாத ஐந்து விஷயத்தை ஒன்றாகக் கட்டிக் கதை விடுவதுதானே என் தொழில்? "மாலை நேரத்தில ஒரு புலி, எலுமிச்சம்பழத்தைக் கடதாசியில சுத்தி வாளிக்குள்ள போட்டுக்கொண்டு வருது. அதை மனசுக்குள்ள பார்" என்றேன். பார்த்தான். ஐந்து நிமிடம் கழித்து ஐந்தையும் சொன்னான்! கட்டிப்பிடித்து என்னைத் தூக்கியே விட்டான். நான்கு நாள் இதே பாடம். எந்த ஐந்தைக் கொடுத்தாலும் ஒரு கதையாக்கிக்கொண்டான். ஐந்தாம் நாள் விமானம் ஏறினான். என் எழுத்து ஒருவருக்குப் பயன்பட்டதை என் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தேன்.

இந்தத் திங்கட்கிழமை அக்கா போன் எடுத்தாள்.

"தம்பி, பாஸாம்டா! அணியில எடுத்திட்டாங்க. உன்ட வீட்டுச் சாப்பாடுதான் பிள்ளையத் தேத்தி விட்டிருக்கு. ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டம். நீ ஒருக்கா மண்டூருக்குப் போய் என்ட பேரில நேர்த்தி வை. பிள்ளைக்கு எறியிற பந்தெல்லாம் கையில ஒட்டோணும் எண்டு கேள்."

"ஓம் அக்கா" என்றேன்.

போனேன். வாவியைத் தாண்டிப் போய் முருகனுக்கு முன்னால் நின்றேன். அக்கா கேட்கச் சொன்னதைக் கேட்க வாய் வரவில்லை. கேட்க விரும்பியது வேறு. எல்லாப் பந்தும் நழுவட்டும். முதல் ஆட்டத்தோடு அவனை வீட்டுக்கு அனுப்பட்டும். அதைக் கேட்கவும் வெட்கமாக இருந்தது. அக்காவுக்கு ஒரு போன் எடுத்தால் முடிகிற வேலையை முருகனிடம் ஒப்படைக்க, மெனக்கெட்டு வாவி தாண்டி வந்து நிற்கிறேனே!

திரும்பி வந்து மூன்று தடவை போன் எடுத்தேன். மூன்று தடவையும் இங்கே மழை இல்லை என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை ஊருக்கெல்லாம் கேட்க எழுதுகிற வியாதி எழுதுகிறவர்களுக்கு உண்டு. கஜன் இதற்குப் பிறகு என்னை மாமா என்று கூப்பிடுவானா தெரியாது. அவனுடைய பெயரை மாற்றியிருக்கிறேன். அவனுடைய அணியின் டொக்டர் தமிழ் வாசிக்கமாட்டார்.

அக்கா வாசிப்பாள். வெள்ளிக்கிழமை தோறும் டெக்ஸாஸில் இருந்தபடி போனில் இந்தப் பத்தியை வாசித்துவிட்டு, 'இந்தக் கிழமை சிரிப்பு வரல்ல' என்று ஒரு வரி அனுப்பாமல் விட்டதில்லை.

அக்கா, இந்தக் கிழமையும் வராது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கு... அவனை மறி.